மூச்சின் உறவு

2016ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பொங்கலுக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் கரிய பேருடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒதுங்கின. அவற்றின் எண்ணிக்கை எண்பதைத் தாண்டியது. மீன்களாக இருந்திருந்தால் நீரின்றித் துடித்துச் சிறிது நேரத்தில் அடங்கியிருக்கும். இவையோ மணலில் கிடந்தபடியே மூச்சுவிட்டன. அவை குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள்.

அப்பகுதி மீனவர்களும் அரசு அலுவலர்களும் அவற்றைக் கயிற்றால் பிணைத்துப் படகுகளைக் கொண்டு ஆழ்நீருக்கு இழுத்துச் சென்று விட்டனர். விடப்பட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின. நாற்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. மணலில் பெருங்குழிகள் தோண்டி அவற்றைப் புதைத்தனர். அதே கரையில், அதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கிலங்கள் 1973ஆம் ஆண்டிலும் ஒரு ஜனவரியில் ஒதுங்கியிருந்தன.

கடலில் கிடைப்பதைக் கொண்டு பிழைக்கும் மக்கள், வலை வீசாமலே கரைக்கு வந்த பேருடல்களைக் கூறுபோட எண்ணாமல், மீண்டும் கடலுக்கே அனுப்பப் பாடுபட்டனர் என்பது எண்ணத்தக்கது. சில நூற்றாண்டுகளுக்கு முன் உலகின் பல கரைகளில் இத்தகைய காட்சி நினைத்தும் பார்க்க இயலாதது. ஒதுங்கிய திமிங்கிலத்தைக் கண்டு அஞ்சிய காலம் ஒன்று. அதன் கொழுப்பை அளந்து விலை பேசிய காலம் மற்றொன்று. அச்சத்திலிருந்து ஆசைக்கும், ஆசையிலிருந்து உறவுக்கும் மனித மனம் வந்து சேர்ந்த நெடும்பயணம் இயற்கையிலும் இலக்கியத்திலும் ஓவியத்திலும் தன் தடங்களை விட்டுச் சென்றுள்ளது.

நீரில் வாழும் நிலத்துயிர்

திமிங்கிலம் கடலில் பிறந்து, கடலில் வாழ்ந்து, கடலிலேயே மடிகிறது. ஆயினும் கடல்நீரில் உள்ள காற்றைப் பிரித்தெடுக்கும் செவுள் அதற்கு இல்லை. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் அது. எவ்வளவு ஆழத்திற்கு மூழ்கினாலும் மூச்சுக்காக மேலே வந்தே ஆகவேண்டும். ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒரு கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் இருளினூடே இரை தேடும். ஒரு மணி நேரம் வரை மூச்சடக்கும். பின் மேலே வந்து காற்றை உள்வாங்கும். உறங்கும்போது மனிதன் மூச்சை மறந்துவிடுகிறான். உடல் தானே அதனைப் பார்த்துக்கொள்கிறது. திமிங்கில இனத்திற்கு அந்த மறதி வாய்க்கவில்லை. ஒவ்வொரு மூச்சையும் அறிந்தே விடவேண்டும்.

இந்த மூச்சின் பின்னால் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளின் வரலாறு இருக்கிறது. திமிங்கிலத்தின் முன்னோர் நான்கு கால்களால் நிலத்தில் நடந்தவை. அவற்றுள் ஒன்றான பாக்கிசீட்டஸின் எலும்புகள் இன்றைய பாகிஸ்தானில் கிடைத்தன. இந்தியாவிற்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. இந்திய நிலவியலாளர் ரங்கா ராவ் காஷ்மீரப் பகுதியில் திரட்டி வைத்திருந்த பாறைகளுக்குள், பூனை அளவே இருந்த இண்டோஹையஸ் என்னும் சிறு குளம்புயிரின் எலும்புகள் இருந்தன. அவர் மறைவிற்குப் பின்னரே அப்பாறைகள் முறையாக ஆராயப்பட்டன. அதன் காதெலும்பு திமிங்கிலத்தின் காதெலும்பை ஒத்திருப்பது 2007ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இன்று வாழும் விலங்குகளுள் திமிங்கிலத்திற்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை ஆகும்.

பழைய வாழ்வின் அடையாளங்கள் திமிங்கிலத்தின் உடலில் இன்றும் உள்ளன. மீன் தன் வாலைப் பக்கவாட்டில் அசைத்து நீந்தும். திமிங்கிலமோ மேலும் கீழுமாக அசைத்து நீந்தும். நிலத்தில் பாய்ந்தோடும் விலங்கின் முதுகெலும்பு வளையும் முறை அதுவே. அதன் துடுப்பைப் பிரித்துப் பார்த்தால் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்னும் வரிசையில் எலும்புகள் தெரியும். பின்னங்கால்கள் மறைந்துவிட்டன; இடுப்பெலும்பின் எச்சம் மட்டும் தசைக்குள் புதைந்து கிடக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள திமிங்கில எலும்புக்கூட்டின் முன் நிற்கும் மாணவர், அதன் நீளத்தைக் கண்டு வியப்பதோடு தம் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது பொருத்தம்.

திமிங்கில இனங்களுள் நீலத் திமிங்கிலமே பெரியது. உலகில் இதுவரை வாழ்ந்ததாக அறியப்பட்ட விலங்குகளுள் அதனினும் பருத்தது வேறில்லை. அதன் நீளம் 30 மீட்டர் வரை எட்டும். 2014ஆம் ஆண்டு கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் ஒதுங்கிய ஒரு நீலத் திமிங்கிலத்தின் இதயம் ஏறத்தாழ 180 கிலோ எடை இருந்தது. ஆழ மூழ்கும்போது அவ்வினத்தின் இதயம் நிமிடத்திற்கு இருமுறை மட்டும் துடிக்கும் அளவிற்கு மெதுவாகும் என்பது 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பிறக்கும்போதே அதன் கன்று 7 மீட்டர் நீளம் இருக்கும்; தாய்ப்பால் குடித்தே வளரும். இத்துணைப் பெரிய உயிர் உண்பதோ கிரில் என்னும், இறாலைப் போன்ற சிற்றுயிர்களை. அதன் மேல்தாடையிலிருந்து சீப்பின் பற்களைப் போலத் தகடுகள் தொங்கும். வாய்கொள்ளும் நீரை அள்ளி, அத்தகடுகளின் வழியே வெளியேற்றி, எஞ்சும் கிரில்களை அது விழுங்கும்.

அச்சம் படைத்த உருவங்கள்

'திமிங்கிலம்' என்னும் சொல் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. 'திமி' என்பது பெருமீன். அதனை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்கவல்ல ஒன்றைத் 'திமிங்கிலகிலம்' என்றனர். கடலின் ஆழத்தைப் போலவே அச்சத்திற்கும் அடி காண இயலவில்லை என்பதை இச்சொற்களின் அடுக்கு உணர்த்துகிறது. உண்மையில், நீலத் திமிங்கிலத்தின் தொண்டை மிகக் குறுகியது. பெரிய இரை எதனையும் அதனால் விழுங்க இயலாது. ஆனால் பெயர் வைத்தவர்கள் அதன் தொண்டையைக் கண்டவர்கள் அல்லர். அலைகளுக்கிடையே ஒரு நொடி தோன்றி மறைந்த முதுகை மட்டுமே கண்டவர்கள்.

ஒரு நொடி தோன்றும் முதுகு கற்பனைக்குப் போதுமானதாக இருந்தது. ஆயிரத்தோர் இரவுகளில் வரும் சிந்துபாத்தின் முதற்பயணத்தில், மாலுமிகள் ஒரு தீவில் இறங்கிச் சமைக்கத் தீ மூட்டுகிறார்கள். தீயின் வெம்மை பட்டதும் தீவு அசைகிறது. அது தீவன்று, நெடுங்காலம் உறங்கிக் கிடந்த ஒரு பெருங்கடலுயிர் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. இதே காட்சியை, 1539ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஒலாஸ் மாக்னஸ் வெளியிட்ட வடகடல் வரைபடத்திலும் காணலாம். திமிங்கிலத்தின் முதுகில் நங்கூரமிட்டு, அதன்மேல் நெருப்பு மூட்டும் மாலுமிகளை அவ்வரைபடம் காட்டுகிறது. அரபுக் கதையும் வடநாட்டு வரைபடமும் ஒரே அச்சத்தில் ஒன்றுபடுகின்றன.

அச்சம் எப்போதும் பகையாகவே முடிவதில்லை. சில கரைகளில் அது வழிபாடாக மலர்ந்தது. சங்க கால நெய்தல் மக்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வியட்நாம் நாட்டின் கடலோர மீனவர்கள் திமிங்கிலத்தைப் புயலில் தங்களைக் காக்கும் தெய்வமாகப் போற்றுகின்றனர். இறந்த திமிங்கிலம் கரையொதுங்கினால், அதனை முதலில் கண்டவர் மூத்த மகனின் இடத்திலிருந்து இறுதிக்கடன் செய்வது அங்குள்ள வழக்கம். பின்னர் அதன் எலும்புகளை எடுத்துக் கோயிலில் வைத்துப் பேணுகின்றனர்.

ஜப்பானின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே நாகாதோ நகரைச் சேர்ந்த கயோய் என்னும் ஊர் திமிங்கில வேட்டையால் வாழ்ந்தது. வேட்டையாடிய தாய்த் திமிங்கிலங்களின் வயிற்றில் பிறவாத கன்றுகளைக் கண்டவர்கள், அவற்றைப் புதைத்து 1692ஆம் ஆண்டில் ஒரு கல்லறை எழுப்பினர். இறந்த மனிதர்க்குப் பெயர் சூட்டிப் பதிவேட்டில் எழுதுவதைப்போல, அங்குள்ள பௌத்தக் கோயில் திமிங்கிலங்களுக்கும் பெயர் சூட்டிப் பதிவேடு எழுதியது. கொன்றவர்களே நெஞ்சு கலங்கிச் செய்த செயல் அது. பிழைப்பு ஒரு பக்கமும் இரக்கம் மறுபக்கமும் இழுக்க, அந்தக் கல்லறை இன்றும் நிற்கிறது.

மணலில் கிடந்ததை வரைந்தவர்கள்

திமிங்கிலத்தை வரைய முற்பட்ட ஓவியர்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. யானையை வரைய விரும்புபவன் அதன் எதிரே அமரலாம். திமிங்கிலமோ நீருக்குள் இருக்கும்போது கண்ணில் படுவதில்லை. கண்ணில் படும்போது உயிரோடு இருப்பதில்லை.

1598ஆம் ஆண்டில் டச்சுக் கடற்கரை ஒன்றில் ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியர் அதனை வரைந்தார். அவ்வோவியத்தைத் தழுவிச் செதுக்கப்பட்ட அச்சுப்படம் எங்கும் பரவியது. படத்தில் திமிங்கிலத்தைச் சுற்றி மக்கள் கூட்டம் திரண்டிருக்கிறது. சிலர் அதன் உடலை அளவெடுக்கின்றனர். ஆனால் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. பக்கத் துடுப்பைக் காது என எண்ணிய ஓவியர், அதனைக் கண்ணுக்கு மிக அருகில் வரைந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து இத்தாலியில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியபோது வெளிவந்த படமும் அதே பிழையைச் சுமந்திருந்தது. நேரில் கண்டு துல்லியமாக வரைந்தது என்னும் குறிப்போடு வெளிவந்த அப்படம், உண்மையில் டச்சுப் படத்தின் நகலே. கண்ணெதிரே கிடந்த திமிங்கிலத்தைக் காட்டிலும் கையில் இருந்த படத்தையே மனிதர் நம்பினர்.

தென்கொரியாவின் உல்சான் நகருக்கு அருகே பாங்குடே என்னும் பாறையில் வரலாற்றுக்கு முந்தைய மக்கள் செதுக்கிய உருவங்கள் இதற்கு மாறானவை. அங்கே பல்வேறு திமிங்கில இனங்கள் காணப்படுகின்றன. கன்றை முதுகில் ஏந்திச் செல்லும் தாய்த் திமிங்கிலமும் அவற்றுள் ஒன்று. பிறந்த கன்று முதல் மூச்சு விடுவதற்கு நீர்மட்டத்தை எட்டியாக வேண்டும். சிறு படகில் கடலுக்குள் சென்று திரும்பிய அம்மக்கள், உயிருள்ள திமிங்கிலத்தைக் கண்டிருந்தனர். கல்லையே கருவியாகக் கொண்டவர்களின் கண்ணுக்குப் புலப்பட்டது, கலை பயின்ற நகரத்து ஓவியரின் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

இன்னோர் ஓவியத்தின் கதை வியப்பிற்குரியது. டச்சு ஓவியர் ஹென்ட்ரிக் வான் அந்தோனிசன் 1641ஆம் ஆண்டையொட்டி வரைந்த கடற்கரைக் காட்சி ஒன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குளிர்காலக் கரையில் கூட்டம் கூடி நிற்கிறது. ஆனால் பார்ப்பதற்கு அங்கு எதுவும் இல்லை. அவர்கள் எதைக் காண வந்தனர் என்பது நீண்டகாலம் புதிராகவே இருந்தது. 2014ஆம் ஆண்டளவில் அதனைத் தூய்மை செய்தபோது, மேற்பூச்சின் அடியிலிருந்து முதலில் அந்தரத்தில் நிற்பதுபோல் ஒரு மனித உருவம் வெளிப்பட்டது. பின்னர் அவ்வுருவம் நின்றிருந்த இடமும் தெரிந்தது. அது கரையொதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் உடல். இறந்த விலங்கு அழகைக் கெடுக்கிறது என்று கருதியோ என்னவோ, பிற்காலத்தில் யாரோ அதன்மேல் கடலையும் மணலையும் பூசி மறைத்திருந்தனர்.

எண்ணெயாக எரிந்த உயிர்

ஓவியத்தில் மறைக்கப்பட்ட திமிங்கிலம், வாழ்வில் எங்கும் நிறைந்திருந்தது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் விளக்குகள் திமிங்கில எண்ணெயால் எரிந்தன. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையில் உள்ள மெழுகுப்பொருள், புகையாத மெழுகுவத்தியாயிற்று. வாய்த்தகடுகள் குடைக்கம்பிகளாகவும் பெண்களின் உடைக்குள் வைக்கும் சட்டங்களாகவும் பயன்பட்டன. வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியது திமிங்கிலத்தின் மூச்சே. மேலே வந்து அது மூச்சை வெளிவிடும்போது எழும் வெண்ணிற நீர்த்தூவல் நெடுந்தொலைவிலும் தெரியும். பாய்மரத்தின் உச்சியில் அமர்ந்த காவலன் அதனைக் கண்டு குரல் கொடுப்பான், படகுகள் இறங்கும். எந்த மூச்சால் அது வாழ்ந்ததோ, அந்த மூச்சே அதனைக் காட்டிக்கொடுத்தது.

அக்காலத்தில் திமிங்கிலம் மீனா, விலங்கா என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றது. திமிங்கிலம் காற்றைச் சுவாசிப்பதையும் குட்டி ஈன்று பாலூட்டுவதையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் தம் வகைப்பாட்டு நூலில் அதனைப் பாலூட்டிகளோடு சேர்த்தார். ஆனால் 1818ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், மீன் எண்ணெயைச் சோதனை செய்து வரி பெறும் அலுவலருக்கும் மெழுகுவத்தி வணிகர் ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. திமிங்கிலம் மீனன்று, ஆகவே தம் எண்ணெய்க்குச் சோதனை வேண்டியதில்லை என்றார் வணிகர். இயற்கை அறிஞர் சாமுவேல் மிட்சில் அவர் பக்கம் சான்றளித்தார். ஆயினும் நடுவர் குழு, திமிங்கிலம் மீனே என்று தீர்ப்பளித்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1841ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் பணியாளராகச் சென்றவர். எஸ்ஸெக்ஸ் என்னும் கப்பலை 1820ஆம் ஆண்டில் பசிபிக் பெருங்கடலில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் மோதி மூழ்கடித்த செய்தியை அவர் அறிந்திருந்தார். இவ்விரண்டிலிருந்தும் உருவானது, 1851ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'மோபி டிக்' என்னும் புதினம். தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கக் கடல் கடலாக அலைகிறான் கப்பல் தலைவன் ஆஹாப். இறுதியில் அவனும் கப்பலும் அழிய, கதை சொல்லும் இஷ்மவேல் ஒருவன் மட்டுமே எஞ்சுகிறான்.

நூலில் இஷ்மவேல் திமிங்கிலம் மீனே என்று வாதிடுகிறான். ஓவியர்கள் செத்த திமிங்கிலத்தையே வரைந்து ஏமாந்தனர் என்றும் குறைகூறுகிறான். ஆனால் அவன் வாதத்தை அவன் கண்ட காட்சியே தகர்க்கிறது. பெருங்கூட்டமாகச் சென்ற திமிங்கிலங்களை வேட்டையாடும்போது, அவன் இருந்த படகு கூட்டத்தின் நடுவே அமைதியான நீர்ப்பரப்பை அடைகிறது. தெளிந்த நீரின் அடியில் தாய்த் திமிங்கிலங்கள் கன்றுகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கின்றன. அஞ்சாமல் அருகே வந்த கன்றுகளை வேட்டைக்காரர்களே தட்டிக்கொடுக்கின்றனர். வெளிவட்டத்தில் குருதி, உள்வட்டத்தில் தாய்ப்பால். பகையை மையமாகக் கொண்ட புதினத்தின் நடுவில் மெல்வில் இந்தக் காட்சியை வைத்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அந்நூல் போற்றப்படவில்லை. 1891ஆம் ஆண்டில் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் பெருமையை உலகம் உணர்ந்தது.

மண்ணெண்ணெய் வந்தபின் திமிங்கிலம் பிழைத்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1870ஆம் ஆண்டையொட்டி நார்வே நாட்டின் ஸ்வென் ஃபோய்ன், வெடிகுண்டு பொருத்திய எறியீட்டியைப் பீரங்கியிலிருந்து ஏவும் முறையை நிலைநிறுத்தினார். நீராவிக் கப்பலும் அந்த ஈட்டியும் சேர்ந்ததும், அதுவரை எவராலும் எட்ட இயலாத விரைவில் நீந்திய நீலத் திமிங்கிலமும் அகப்பட்டது. அதன் எண்ணெய் வழலைக்கும் செயற்கை வெண்ணெய்க்கும் சென்றது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 லட்சம்.

வேட்டையை ஒழுங்குபடுத்த 1946ஆம் ஆண்டில் நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனால் அண்டார்டிகக் கடலில் உயிர்களை எண்ணுவதற்கு அவை கைக்கொண்ட அளவை 'நீலத் திமிங்கில அலகு' எனப்பட்டது. ஒரு நீலத் திமிங்கிலம் இரண்டு ஃபின் திமிங்கிலங்களுக்குச் சமம். இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்குச் சமம். ஆறு சேய் திமிங்கிலங்களுக்குச் சமம். அந்த அலகு கணக்கிட்டது எண்ணெயை. அரைத் திமிங்கிலம் என்று ஓர் உயிர் உலகில் இல்லை. ஆனால் உயிரைச் சரக்காகக் கண்ட கணக்கில் அதற்கும் இடம் இருந்தது.

கடலின் பாட்டு

மாற்றம் கண்ணால் வரவில்லை, காதால் வந்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த பொறியாளர் ஃபிராங்க் வாட்லிங்டன், பெர்முடா தீவருகே நீருக்கடியில் ஒலிவாங்கிகளை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். போர்க்காலத் தேவைக்காக வைக்கப்பட்ட அக்கருவிகளில் வேறொரு குரல் பதிவாயிற்று. அந்தக் குரல் கூன்முதுகுத் திமிங்கிலங்களுடையது. வேட்டைக்காரர்கள் அறிந்தால் திமிங்கிலங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று அஞ்சி, அவர் அப்பதிவுகளை வெளியிடாமல் காத்தார். பின்னர் ராஜர் பெய்ன் என்னும் ஆய்வாளரிடம் அவற்றைக் கொடுத்தார். பெய்னும் ஸ்காட் மெக்வேயும் அவற்றை ஆராய்ந்து, அவ்வொலிகள் ஒழுங்கான வரிசையில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டனர். அது பாட்டு.

ஒரு வட்டாரத்தின் ஆண் திமிங்கிலங்கள் ஒரே பாட்டைப் பாடுகின்றன. அப்பாட்டு சிறிது சிறிதாக மாறுகிறது. மாற்றத்தை எல்லாத் திமிங்கிலங்களும் ஏற்றுக்கொள்கின்றன. கேட்டி பெய்னும் லிண்டா கினியும் மற்றொன்றையும் கண்டறிந்தனர். பாட்டு நீண்டு சிக்கலாகும்போது, அதன் பகுதிகளின் முடிவில் ஒரே வகை ஒலி மீண்டும் மீண்டும் வருகிறது. நினைவில் நிறுத்துவதற்கு அது உதவக்கூடும் என்று அவர்கள் கருதினர். செய்யுளை ஏட்டில் எழுதாமல் நெஞ்சில் எழுதிக் காத்த தமிழ் மரபினர்க்கு எதுகையும் இயைபும் எதற்கு என்று எவரும் விளக்கவேண்டியதில்லை. மூச்சைச் சிறிதும் வெளிவிடாமல், உள்ளேயே அடக்கியபடி அத்திமிங்கிலம் பாடுகிறது என்பது இன்னும் பெரிய வியப்பு.

1970ஆம் ஆண்டில் அப்பாட்டு இசைத்தட்டாக வெளிவந்து மக்களின் வீடுகளுக்குள் நுழைந்தது. எண்ணெயாகவும் எண்ணிக்கையாகவும் மட்டும் அறிந்த ஒன்றிற்குக் குரல் இருப்பதை அவர்கள் கேட்டனர். வேட்டைக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்றது. 1977ஆம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் பொன் தட்டில், பல மொழிகளின் வாழ்த்துரைகளோடு திமிங்கிலத்தின் குரலும் இடம்பெற்றது. வணிக வேட்டையை நிறுத்திவைக்கும் முடிவு 1982ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டு 1986ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சில நாடுகள் இன்றும் வேட்டையைக் கைவிடவில்லை. ஆயினும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பல கடல்களில் பெருகி வருகின்றன. முற்றிலும் அழியும் நிலையில் இருந்த ஓரினத்தை மனிதன் மனம் மாறினால் மீட்கலாம் என்பதற்கு அவை சான்று.

கரையும் கடமையும்

எறியீட்டி ஓய்ந்தாலும் இடர் ஓயவில்லை. இலங்கையின் தெற்கே தேவேந்திரமுனையை ஒட்டிய கடலில் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடுகின்றன. உலகின் மிக நெரிசலான கப்பல் வழிகளுள் ஒன்றும் அதே கடலில்தான் செல்கிறது. மூச்சுக்காக மேலே வரும் திமிங்கிலம் கப்பலில் மோதி உயிரிழக்கிறது. கைவிடப்பட்ட வலைகள் அதன் உடலைச் சுற்றுகின்றன. கப்பல் எந்திரங்களின் இரைச்சல் அதன் குரலை மூழ்கடிக்கிறது. இவ்விடர்களுக்குக் காரணமானவர் எவரும் திமிங்கிலத்தை வெறுப்பவர் அல்லர். முன்னர் ஆசையால் நேர்ந்த அழிவு, இப்போது கவனமின்மையால் நேர்கிறது. வெறுப்பைக் கண்டு எதிர்ப்பது எளிது. கவனமின்மையைக் கண்டுகொள்வதே அரிது. டச்சு ஓவியத்தில் திமிங்கிலத்தின் மேல் பூசப்பட்ட கடலைப்போல, அது கண்ணுக்குத் தெரியாமல் உயிரை மறைத்துவிடுகிறது.

திமிங்கிலம் தன் இறப்பிலும் கொடையாளியாகவே இருக்கிறது. ஆழ்கடலில் அது மடிந்தால், அதன் உடல் மெல்ல இறங்கி அடித்தரையைச் சேரும். ஒளியும் உணவும் அரிதான அவ்விடத்தில், சுறாக்கள் முதல் எலும்பைத் துளைத்து வாழும் புழுக்கள் வரை எத்தனையோ உயிர்களைப் பல்லாண்டுகள் அது ஊட்டி வளர்க்கிறது. கரையில் மடியும் திமிங்கிலத்திற்கு அந்த வாய்ப்பும் இல்லை. நீரின் தாங்குதல் அகன்றதும் அதன் எடையே அதன் நெஞ்சை அழுத்துகிறது. குளிர்காக்கும் கொழுப்பே வெயிலில் அதன் உடலை வேகவைக்கிறது. சுற்றிலும் காற்று நிறைந்திருக்க, மூச்சுவிடத் திணறியே அது மடிகிறது.

மணப்பாட்டில் ஒதுங்கியவை தனித்தனி உயிர்கள் அல்ல. பைலட் திமிங்கிலங்கள் தாய்வழிக் குடும்பமாக வாழ்பவை. ஈனும் பருவம் கடந்த பின்னரும் பல்லாண்டுகள் வாழும் பாட்டிகள் அவற்றினுள் உண்டு. கூட்டத்தில் ஒன்று தளர்ந்தால் மற்றவை அதனை விட்டு நீங்குவதில்லை. கடலுக்குள் இழுத்து விடப்பட்டவை மீண்டும் கரைக்கு வந்ததற்கு இந்தப் பிணைப்பும் காரணமாகலாம் என்பர் ஆய்வாளர். உயிர் பிழைக்கும் வழி முன்னே திறந்திருந்தும், உறவு கிடந்த மணலை நோக்கியே அவை திரும்பின.

அன்று அக்கரையில் கயிற்றோடு நீரில் இறங்கியவர்கள் வகைப்பாட்டு நூல் எதனையும் படித்துவிட்டு இறங்கவில்லை. மீனா, விலங்கா என்று அவர்கள் வழக்காடவில்லை. மணலில் கிடந்த உடல்கள் மூச்சுவிடுவதைக் கண்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. ஒருகாலத்தில் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டிய அந்த மூச்சு, மணப்பாட்டில் காப்பாற்ற வந்தவர்களை அழைத்தது. மூச்சு மாறவில்லை, அதனைக் கேட்ட மனிதன் மாறியிருக்கிறான். அந்த மாற்றம் கரையோடு நின்றுவிடாமல், கண்ணுக்கெட்டாத கடலின் நடுவிலும் தொடரவேண்டும் என்பதே, புதைக்கப்பட்ட அவ்வுயிர்கள் விட்டுச்சென்ற கடன்.